ஒரு சொம்புத் தண்ணீர்

கீரனூர் என்றதும் நண்பர்கள் பலருக்குப் புதுக்கோட்டைப் பக்கத்துக் கீரனூர்தான் நினைவுக்கு வருகிறது. நான் சொல்வது பழனிக்கு வடக்கே இருக்கும் கீரனூரை. இலக்கிய வாசகர்களிடம் ‘கீரனூர் ஜாகிர்ராஜாவின் கீரனூர்’ என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். இங்கிருந்து தெற்கே பார்த்தால், வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் நாட்களில் பழனி மலைத்தொடர் ஒரு நீலச் சுவராக நிற்கும். அந்தச் சுவரின் மேல்தளத்தில் பைன் மரங்களும் சைப்ரஸ் மரங்களும் உண்டு. சுவரின் காலடியில் இருக்கும் எங்களுக்கு வேலமும் புளியும் தென்னையும் முருங்கையும்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கூம்புக்காய் மரத்தை, அதுவும் ஒன்றரைச் சாண் உயரத்தில், மண் தட்டில் வளர்ப்பது என்பது சற்றே கிறுக்குத்தனமான வேலை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

‘கூம்புக்காய் மரம்’ என்று வலிந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பைன், தேவதாரு, சைப்ரஸ், ஜூனிபர் வகையறாக்களை நாம் வழக்கமாக ‘ஊசியிலை மரங்கள்’ என்று எழுதுகிறோம். இந்தச் சொல் நம் நிலத்தில் நடந்து பார்த்தால் தடுக்கி விழுந்துவிடுகிறது. தென்னிந்தியக் காடுகளில் மனிதர் நடாமல் தானாகவே வளரும் கூம்பு மரம் ஒன்றே ஒன்றுதான்: நாகீயா வாலிச்சியானா. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடுகளில் இருக்கிறது. அதன் இலையோ ஊசி அல்ல, நல்ல அகலமான இலை. மறுபக்கம், நாம் ஊசியிலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய சவுக்கு, கூம்பு மரக் குலத்தைச் சேர்ந்ததே அல்ல. அது பூக்கும் தாவரம். அதன் ‘ஊசி’ உண்மையில் கணுக்கணுவாகக் கழன்று வரும் பச்சைக் குச்சி. இலைகள் ஒவ்வொரு கணுவிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பற்களைப்போல ஒட்டிக்கொண்டிருக்கும். சிறுவயதில் அந்தக் குச்சியைக் கணுவில் கழற்றி, மறுபடி பொருத்தி, ‘எங்கே உடைந்திருக்கிறது, கண்டுபிடி’ என்று விளையாடியவர்களுக்கு இது தெரியாமலே தெரிந்திருக்கும்.

போன்சாய் வளர்க்கும் அனுபவசாலிகள் சிலர் எனக்குச் சவுக்கைத்தான் பரிந்துரைத்தார்கள். தைவானிலும் இந்தோனேசியாவிலும் அதை மிக அழகாக வளர்க்கிறார்கள். வெப்ப நாட்டுக்காரர்களின் பைன் அது. அல்லது ஆல், அரசு, அத்தி. மைசூரில் கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நம் நாட்டு மரங்கள் தட்டில் எவ்வளவு கம்பீரமாக நிற்கக்கூடும் என்பது விளங்கும். அறிவுரை சரிதான். ஆனாலும் எனக்குக் கூம்பு மரம்தான் வேண்டியிருந்தது. பூ என்று ஒன்று உலகத்தில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, சுமார் 30 கோடி ஆண்டுகளாக, இந்தக் குலம் இருந்துவருகிறது. அவ்வளவு பழைய ஒன்றைத் திண்ணையோரம் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசையை நியாயப்படுத்த வேறு வழி எதுவும் தெரியவில்லை.

கொடைக்கானல் போகிறவர்கள் பைன் கன்று கொண்டுவந்து தருவதாகச் சொன்னதுண்டு. மலைச்சாலை வெட்டிய சரிவுகளில் தானாக முளைத்துக் கிடக்கும். மறுத்துவிட்டேன். அங்கே பரவலாக நட்டிருக்கும் பைன்களில் ஒன்று பைனஸ் பாடுலா, மெக்சிகோவின் மலைகளைச் சேர்ந்தது. அதற்குக் குளிரும் மூடுபனியும் வேண்டும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் சுமார் 300 மீட்டரில். இடையில் குறைந்தது 10 டிகிரி வெப்ப வித்தியாசம். போதாததற்குப் பைனின் வேரோடு ஒரு பூஞ்சை கூட்டுக்குடித்தனம் நடத்துகிறது; அது இல்லாத மண்ணில் பைன் சவலைப் பிள்ளையாகவே நிற்கும். கன்றைப் பிடுங்கும்போது அதன் மண்ணையும் கொஞ்சம் சேர்த்து எடுக்க வேண்டும். வனத்துறை நிலத்தில் அப்படி எதையும் பிடுங்குவது குற்றம் என்பது தனிக்கதை.

விந்தை என்னவென்றால், அதே பைன் கன்று மலைமேல் ஓர் ஆக்கிரமிப்பாளன். சோலைகளுக்கு இடையே இருந்த இயற்கையான புல்வெளிகளில் பைனும் யூகலிப்டஸும் சீகையும் நட்டு, பிறகு அவை தாமாகவே பரவி, 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஓர் ஆய்வு 2018இல் காட்டியது. எங்கள் ஆறுகளுக்கு ஊற்றுக்கண் அந்தப் புல்வெளிகள். ஆகவே மேலே வேண்டாத விருந்தாளியாக இருப்பதைக் கீழே கொண்டுவந்து வெயிலில் வாட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

எனக்குக் கிடைத்தது துஜா. சமவெளித் தமிழ்நாட்டில் பழைய பங்களாக்களின் வாசலிலும் பள்ளிக்கூட முகப்பிலும் பச்சைத் தீச்சுடர்போலக் குவிந்து நிற்குமே, அது. 1753இல் லின்னேயஸ் ‘தூஜா ஓரியண்டாலிஸ்’ என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள், இது துஜாக்களோடு சேராது என்று பிரித்துத் தனிப் பேரினமாக்கி ‘பிளாட்டிகிளாடஸ்’ என்று அழைக்கிறார்கள். நம் நர்சரிக்காரர்கள் இன்னும் துஜாவில்தான் நிற்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். சீனத்தில் கோயில் வளாகங்களில் ஆயிரம் வயது தாண்டிய துஜாக்கள் உண்டு. வெயிலைத் தாங்கும். வறட்சியையும் ஓரளவு.

2014ஆம் ஆண்டு கார்த்திகையில், பழனியில் ஒரு நண்பர் வீட்டு முற்றத்தில் நின்ற பெரிய துஜாவின் அடியில், மழைக்கு முளைத்திருந்த கன்றுகளில் இரண்டைப் பெயர்த்து எடுத்துவந்தேன். விரல் நீளம்கூட இல்லை. அருகில் குனிந்து பார்த்தபோதுதான் அந்த வேடிக்கை தெரிந்தது: தாய்மரத்தின் இலைகள் தட்டையான செதில்கள், விசிறிபோல அடுக்கியவை. கன்றுக்கோ மெல்லிய, குத்தாத, உண்மையான ஊசிகள். துஜா தன் குழந்தைப் பருவத்தில் மட்டும் ஊசியிலை மரமாக இருக்கிறது. சில மாதங்களில் அதை விட்டுவிட்டுச் செதிலுக்கு மாறிவிடும். மேலே சொன்ன சொற்சிக்கலுக்கு அது தன் பங்குக்கு ஒரு பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டில் ஒன்றைத் தோட்டத்து மூலையில் தரையிலேயே நட்டேன். மற்றதைத் தொட்டியில் வைத்தேன். ஒரு தாய், ஒரே வயது, இரண்டு வாழ்க்கை.

இனி வேலையைப் பற்றி. போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லில் ‘போன்’ என்பது தட்டு, ‘சாய்’ என்பது நடவு. சீனர்களின் கலை இது. ஜப்பானியர் வாங்கித் தங்கள் முறையில் செதுக்கிக்கொண்டார்கள். சீனத்தில் கி.பி. 706ஐச் சேர்ந்த இளவரசர் ஜாங்ஹுவாய் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகள் நிற்கும் தட்டைப் பணியாளர் ஏந்திவரும் காட்சி இருக்கிறது. மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குகிறார்கள் என்று பரவலாக நம்பப்படுகிறது. அப்படியில்லை, பட்டினி போட்டால் மரம் செத்துப்போகும். நுனிக்குருத்து, கீழே இருக்கும் மொட்டுகளை ‘நீ பொறு’ என்று அடக்கிவைக்கும் ஒரு சாற்றைச் சுரக்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்தக் கட்டளை நின்று பக்கவாட்டு மொட்டுகள் எழும். கீழே வேருக்கும் இடம் குறைவு என்பதால் மேலே வளர்ச்சியின் வேகம் குறையும். மரபணுவில் எதுவும் மாறுவதில்லை. போன்சாயின் விதையை எடுத்து வயலில் போட்டால் முழு மரம்தான் வரும்.

ஆனால் கன்றைக் கையில் எடுத்தவுடனேயே கத்தரியை எடுக்கக் கூடாது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஒரே அறிவுரை இது. பென்சில் பருமன்கூட இல்லாத தண்டை ஆழமில்லாத தட்டில் வைத்துவிட்டால், பத்து வருடம் கழித்தும் அது பென்சிலாகவே இருக்கும். தண்டு பருக்க வேண்டுமானால் இலை நிறைய வேண்டும். அதற்காகக் கீழ்க்கிளை ஒன்றை அதன் போக்கில் நீள விடுவார்கள். அது உணவு தயாரித்து அடித்தண்டைப் பருமனாக்கும். வேலை முடிந்ததும் அதை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் பலிக்கிளை. (இந்தப் பெயரை வைத்தவர்களுக்கு மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும்.) என் துஜாவின் பலிக்கிளை ஐந்து வருடத்தில் மூன்றடி நீண்டது. 2020 தை மாதம் வெட்டினேன். முழுதாக வழித்துவிடாமல் ஓர் அங்குலம் விட்டு, பட்டையை உரித்து, வெள்ளைக் குச்சியாக விட்டேன். இடி விழுந்து பட்டுப்போன கிளையின் தோற்றம். ஜப்பானியர் அதை ஜின் என்கிறார்கள்.

கூம்பு மரங்களிடம் இன்னொரு கண்டிப்பும் உண்டு. வேம்பையோ புளியையோ மொட்டையடித்தாலும் துளிர்த்துவிடும். துஜா, பைன் வகைகளில் பச்சை இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அந்தக் கிளை திரும்பி வராது. எங்கே பச்சை இருக்கிறதோ அதற்குள்தான் முடிவெடுக்க வேண்டும். செதில் இலைகளைக் கத்தரியால் வெட்டினால் வெட்டுவாய் பழுப்பேறும்; விரலால் கிள்ளுவதே நல்லது.

மண் விஷயத்தில் புத்தகங்கள் எனக்குப் பயன்படவில்லை. ஜப்பானின் எரிமலை மண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் இடித்த பழைய வீட்டின் செங்கல்லை உடைத்துச் சலித்து, பொடியை ஒதுக்கி, மிளகு அளவுத் துண்டுகளை இரண்டு பங்கும், பருமணல் ஒரு பங்கும், மக்கிய இலையுரம் ஒரு பங்கும் கலந்தேன். தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் வழிய வேண்டும். ஆனால் ஈரம் செங்கல்லுக்குள் தங்க வேண்டும். தட்டு, குயவரிடம் சொல்லிச் செய்த மண் தட்டு, பளபளப்பு பூசாதது. கசிந்து ஆவியாகி வேரைக் குளிர வைத்திருக்கும். நம் வெயிலுக்கு அதுதான் சரி. கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனேன். பழைய காயிலிலிருந்து பிரித்த செப்புக் கம்பியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சினால் மேல் பூச்சும் எரிந்துபோகும், கம்பியும் இளகும். கடைக்காரர், எந்த மோட்டாருக்கு என்று கேட்டார். மரத்துக்கு என்றேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை.

பருவமும் அப்படித்தான். குளிர்கால உறக்கம் கலையும் முன்வசந்தத்தில் வேரை நறுக்கு என்கின்றன நூல்கள். எங்களுக்கு ஏது வசந்தம்? ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகையிலிருந்து தை வரை வெயில் தணிந்திருக்கும் நாட்கள்தான் வேரைத் தொட ஏற்றவை. உறைபனியிலிருந்து காப்பது எப்படி என்ற அத்தியாயத்தைச் சித்திரை வெயிலிலிருந்து காப்பது எப்படி என்று மாற்றிப் படித்துக்கொண்டேன். பங்குனி தொடங்கியதும் பச்சை நிழல்வலை. காய்ந்த நாட்களில் வெள்ளைக் காகிதத்தின் மேல் கிளையைத் தட்டிப் பார்ப்பேன். நகரும் சிவப்புப் புள்ளிகள் விழுந்தால் சிலந்திப்பேன். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் பெரும்பாலும் போய்விடும்.

2016 தை மாதம் முதன்முறையாகக் கம்பி சுற்றினேன். தண்டைச் சிறிது சாய்த்து, மறுபடி நிமிர்த்தி, லேசான ஒரு வளைவு. அன்று மாலை பெரியம்மா வந்தார். என் அப்பாவின் அண்ணன் மனைவி. பக்கத்துத் தோட்டத்தில் தனியாக இருந்து, ஒரு மாட்டையும் ஒன்றரை ஏக்கர் முருங்கையையும் கவனித்துக்கொண்டிருந்தார். தொட்டியையே சிறிது நேரம் பார்த்தார்.

“ஏங் கண்ணு, இது என்ன குத்தம் பண்ணுச்சுன்னு கம்பியில கட்டிப் போட்டிருக்கே?”

நம் புதுக்கவிதையில் போன்சாய் எப்போது வந்தாலும் அது ஒடுக்கப்பட்ட ஒன்றின் படிமமாகத்தான் வரும். வளரவிடாத பெண், பள்ளிச் சுவருக்குள் அடைக்கப்பட்ட குழந்தை, கிராமத்திலிருந்து பிடுங்கி அடுக்ககத்தில் நட்ட முதியவர். அந்த வகைக் கவிதைகளை நானும் நிறையப் படித்துத் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அவற்றை எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு தொட்டிச் செடிக்காவது மூன்று கோடைகள் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பெரியம்மாவின் கேள்வியை அப்படித் தள்ளிவிட முடியாது. அவர் மரங்களோடு வாழ்ந்தவர்.

நான் அவருடைய முருங்கையையே சாட்சிக்கு அழைத்தேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்-1 வந்த பிறகு எங்கள் பகுதியில் முருங்கை வேளாண்மையின் முகமே மாறிவிட்டது. அதன் அடிப்படைப் பாடமே கிள்ளுவதுதான். கன்று இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். அப்போதுதான் பக்கக்கிளை விட்டுக் கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்கும். அறுப்பு முடிந்ததும் மூன்றடியில் வெட்டிவிட்டால் மறுதாம்பு. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகையை ஆண்டுதோறும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்கிறார்கள். “நீங்க செய்யறதத்தான் நானும் செய்யறேன் பெரியம்மா” என்றேன்.

“நாங்க செய்யறது வகுத்துக்குக் கண்ணு. இது எதுக்கு?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அழகு என்ற சொல்லை அந்த மாலையில் அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். “நீ ஊருக்குப் போனா இதுக்கு யாரு தண்ணி ஊத்துவா?”

வதை என்று பேசுகிறவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தரையில் நிற்கும் மரம் நம்மைக் கேட்பதில்லை, ஆழத்தில் தேடிக்கொள்ளும். நான்கு அங்குல ஆழத் தட்டில் நிற்கும் மரத்துக்குச் சித்திரையில் ஒரே ஒரு நாள் தண்ணீர் தவறினால் போதும். அதிலும் கூம்பு மரத்தின் சாவு தந்திரமானது. வேர் செத்து வாரக்கணக்கில் ஆனபிறகும் இலை பச்சையாகவே இருக்கும். நாம் உயிரோடிருப்பதாக நினைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம்.

அந்த ஆண்டு ஐப்பசியில் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் பெங்களூர் போனோம். மூன்று மாதம். பெரியம்மாவிடம்தான் ஒப்படைத்தேன். “மண்ணுல விரல வெச்சுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க” என்றதற்கு, “எனக்கே சொல்லிக் குடுக்கறயா?” என்று சிரித்தார். மார்கழியில் தொலைபேசியில் பேசும்போது, கம்பியைக் கழற்றும் நேரம் வந்திருக்குமே என்று தொடங்கினேன். “அதப் பிரிச்சு எடுத்து எட்டு நாளாச்சு. பட்டையில வரி விழப் பாத்துச்சு, சுத்தி விட்டுட்டேன்” என்றார். சுற்றிய கம்பியைச் சுற்றியே பிரித்தால் கிளை ஒடிந்துவிடக்கூடும், துண்டுதுண்டாக நறுக்கி எடுப்பதே நல்லது என்பார்கள். அவருக்கு ஒரு கிளையும் ஒடியவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது வளைவு நான் விரும்பியபடி அப்படியே நின்றது.

நாங்கள் திரும்பி வந்தது வேறு ஊருக்கு. 2016இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். எண்களை விடுங்கள். மாசியிலேயே எங்கள் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. ஆழ்துளைக் கிணற்றில் வந்த கொஞ்சத் தண்ணீரும் உப்பு. பங்குனியில் தென்னைகளின் மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி, பிறகு கொண்டையே சாய்ந்தது. ஐம்பது வருடத் தென்னை சாகும்போது சத்தம் எதுவும் வருவதில்லை. ஒருநாள் பார்த்தால் மொட்டைக் கம்பமாக நிற்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடங்கள் முதல் நாளே தெருவில் வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஆடுமாடுகளை வந்த விலைக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் கோடையில் என் துஜாவுக்குக் காலையில் அரைச் சொம்பு, மாலையில் அரைச் சொம்பு. ஆக ஒரு சொம்பு. கணக்குப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு ஆள் முகம் கழுவும் தண்ணீர். ஆனால் தண்ணீர் இல்லாத ஊரில் கணக்கு அப்படிப் பார்க்கப்படுவதில்லை. நான் விடியும் முன்னும் இருட்டிய பின்னும் ஊற்ற ஆரம்பித்தேன். வேருக்கு அதுதான் நல்லது என்பது உண்மை. தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாது என்பதும் உண்மை.

பெரியம்மா மறைத்துப் பேசுகிறவர் அல்லர். “தென்ன கொண்ட சாஞ்சு நிக்கிது. நீ பொம்ம மரத்துக்குத் தண்ணி ஊத்தறே. பாக்கறவங்க வகுறு எரியாதா?” என்றார். நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன், அவர் ஆமாம் என்றிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்றே இப்போதும் நினைக்கிறேன். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் விடியலில் கையில் ஒரு சொம்போடு வந்தார். அரிசி களைந்த தண்ணீர். “மாட்டுக்குப் போற கழனித்தண்ணி. அது ஒரு வாய் கொறச்சுக் குடிச்சா ஒண்ணும் ஆவாது” என்று சொல்லிவிட்டு அவரே ஊற்றினார், தண்டின் மேல் படாமல், தட்டின் ஓரமாகச் சுற்றி. ஐப்பசி வரை ஏறத்தாழ தினமும் வந்தார். வராத நாளில் சொம்பு மட்டும் யார் கையிலாவது வந்துவிடும்.

தோட்டத்து மூலையில் தரையில் நட்டிருந்த மற்ற கன்று இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதன் வேர் இன்னும் ஆழம் போயிருக்கவில்லை. வைகாசி முடிவதற்குள் துருப்பிடித்த நிறத்துக்கு மாறி, தொட்டால் உதிர்ந்தது. கட்டிப்போட்டது பிழைத்தது, சுதந்திரமாக விட்டது செத்தது என்று இதை வைத்து யாராவது போன்சாய்க்கு வக்காலத்து வாங்கக்கூடும். நான் வாங்க மாட்டேன். ஒன்றுக்குத் தினம் ஒரு சொம்புத் தண்ணீர் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். எது நம் கண்ணெதிரில் திண்ணையில் இருந்ததோ அதற்குக் கிடைத்தது என்பது, யோசித்தால், அவ்வளவு மகிழ்ச்சியான செய்தி அல்ல.

வாஷிங்டனில் அமெரிக்கத் தேசியத் தாவரத் தோட்டத்தில் ஒரு வெண்பைன் போன்சாய் இருக்கிறது. 1976இல் ஜப்பான் அன்பளிப்பாக அனுப்பிய 53 மரங்களில் ஒன்று. கொடுத்தவர் மசாரு யமாகி. 1625இலிருந்து தட்டில் வளர்க்கப்படுவது. 2001இல் யமாகியின் பேரன்மார் இருவர் தாத்தாவின் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் தோட்டத்தாருக்கு ஒரு செய்தி முழுதாகத் தெரியவந்தது: 1945 ஆகஸ்ட் 6 காலையில் அந்த மரம் ஹிரோஷிமாவில், குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், ஒரு மதில் மறைவில் இருந்தது. அழித்த நாட்டுக்கே அதைக் கொடுத்தவர் அதைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் குண்டையும் மன்னிப்பையும் நினைத்து நெகிழ்கிறார்கள். நெகிழ வேண்டியதுதான். எனக்கு முதலில் தோன்றியது, ஆகஸ்ட் 7ஆம் தேதி அந்தத் தட்டுக்கு யார் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் என்பது. நகரமே எரிந்துகொண்டிருக்கும்போது ஒருவர் அதன் அருகே போயிருக்க வேண்டும். 1625இலிருந்து அப்படி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

என் மகளுக்கு இந்த மரத்தில் ஆர்வம் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பெங்களூரில் அவள் வீட்டுப் பால்கனியில் வெயில் விழுவதே இல்லை. கூம்பு மரத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. வரவேற்பறை மேசையில் வைக்கச் சொல்லி ஜூனிபர் போன்சாய் விற்கிறார்கள், மேலே கூழாங்கல்லைப் பசைபோட்டு ஒட்டி. வாங்கியவர்கள் ஆறு மாதத்தில் தங்களுக்குக் கைராசி இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள்.

2020 தையில் ஆழமில்லாத தட்டுக்கு மாற்றியபோது வேரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தேன். அடுத்த சில வாரங்களில் ஊரடங்கு வந்தது. உலகமே வீட்டுக்குள் இருந்த அந்த மாதங்களில் அதற்குத் தண்ணீர் ஒரு வேளைகூடத் தவறவில்லை. இப்போது தண்டு என் கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன். உயரம் ஒன்றரைச் சாண். துஜாவின் இலைவிசிறிகள் செங்குத்தாகத்தான் நிற்பேன் என்று அடம்பிடிக்கும். அவற்றைப் படுக்கைவாட்டில் மேகம்போல அடுக்குவது நடக்காத காரியம். தேர்ந்தவர்கள் பார்த்தால் இதை நல்ல போன்சாய் என்று சொல்வார்களா என்பது சந்தேகமே.

ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரைச் சும்மா விடாது. தாராபுரம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலைகள் சுழல்வது அதனால்தான். மழையை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வரும் காற்று; சித்திரை வெயிலைவிட வேகமாகத் தட்டை உலர்த்திவிடும். திறந்த வெளியில் நிற்கும் எங்கள் மரங்கள் பலவும் கிழக்கே சாய்ந்தவைதான். காற்றில் சாய்ந்த மரம் என்று போன்சாயில் ஒரு பாணியே இருக்கிறது. அதற்குக் கம்பி கட்டி மெனக்கெடுகிறார்கள். நான் தட்டைத் திருப்பாமல் இரண்டு ஆடி மாதங்கள் ஒரே திசையில் வைத்திருந்தேன். உச்சி தானாகவே கிழக்கே லேசாகத் திரும்பிக்கொண்டது.

பெரியம்மாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. மாட்டைக் கொடுத்தாயிற்று. மாலையில் வந்து திண்ணையில் உட்காருவார். மரத்தைப் பார்ப்பதில்லை, சுட்டுவிரலைத் தட்டு மண்ணில் செருகிப் பார்த்து, “இன்னைக்கு வேண்டாம்” என்றோ “ஊத்து” என்றோ சொல்வார். சென்ற ஆண்டு முதன்முறையாகக் கூம்புகள் வந்தன: நீலச்சாம்பல் பூத்த பச்சை, முனையில் கொக்கிகள், சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரியவை. பழுத்துக் காய்ந்து வெடித்ததும் அவற்றிலிருந்த விதைகளைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு போனார். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு அவர் கிணற்று மேட்டில் பார்த்தேன். நாலு முளைத்திருந்தன. விரல்கூட நீளமில்லை, எல்லாம் ஊசி.